சவுண்டு மேசையில் இரண்டு கோடுகள்

அவள் மேடையை விட்டு இறங்கும்போதே கிளப் முதலாளி உதட்டைப் பிதுக்கிவிட்டார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா பொம்பள கை பாரு, அடி இறங்க மாட்டேங்குது."

சனிக்கிழமைதோறும் பாட்டுப் போட ஒரு டிஜே வேண்டும். அதற்குத்தான் அன்று மதியம் தேர்வு. மூன்று வருடமாகப் பெரிய டிஜேக்கள் வரும்வரை கூட்டத்தைச் சூடாக்கிவிட்டு ஒதுங்கியவள், இந்த இடத்துக்காகவே மாதக்கணக்கில் உட்கார்ந்து சொந்தப் பாட்டு செய்திருந்தாள். அடுத்து ஏறியவன் புயல். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். ஊரார் பாட்டு நாலைப் போட்டான், கூரை அதிர்ந்தது.

துணைக்கு வந்திருந்த அக்கா அவள் காதைக் கடித்தாள். "ஏண்டி, உன் பாட்டு பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டுச்சு. இவன் போட்டா மட்டும் வயிறு அதிருதே?"

மேடையில் நிற்பவருக்குத் தனி ஸ்பீக்கர். கூடத்தில் என்ன கேட்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? நேராகச் சவுண்டுக்காரரிடம் போனாள். மேசையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் பட்டனை ஒட்டி வெள்ளை டேப், அதில் பேனாவால் இரண்டு கோடுகள். மேலே 'டிஜே'. வெகு கீழே 'லேடி'.

"இது என்னண்ணே?"

"அதும்மா... லேடீஸ் அளவு தெரியாம ஏத்தி ஸ்பீக்கரைக் கிழிச்சிட்டா? எல்லா எடத்துலயும் இப்படித்தான் வைப்போம்."

"இதுவரைக்கும் எத்தனை கிழிச்சிருக்காங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கிழிஞ்சுது. அது புயல் தம்பி கிழிச்சது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லா இடத்திலுமா! 'உனக்கு இன்னும் கை வரல' என்று சொன்ன ஒவ்வொருவனையும் நம்பி, கதவைச் சாத்திக்கொண்டு தன் கையையே கரித்துக் கொட்டியிருக்கிறாளே, பாவி!

புயலிடம் போனாள். "என் பாட்டு ஒண்ணை நீங்க நின்னு போட்டா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏறினான். அவளே தன் லேப்டாப்பில் பாட்டைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அவன் எதையோ திருகினான், கையை வீசினான். சவுண்டுக்காரரின் விரல் பழக்கத்தில் மேல் கோட்டுக்குப் போனது.

முதலாளி மேடையோரம் ஓடியே வந்துவிட்டார். "இதான்யா அடி! ஆம்பளன்னா இது!"

அவள் குனிந்து அவர் காதில் கத்தினாள். "இது என் பாட்டு சார். முதல்ல நான் போட்டேனே, அதேதான். உங்க ஆள் எனக்குச் சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்காரு."

ஒரு நொடிதான் விழித்தார். பிறகு வாயெல்லாம் பல். "அட, நல்லதாப் போச்சு! நீ பாட்டு செஞ்சு குடு, தம்பி நின்னு போடட்டும்!"

அவள் பாட்டை நிறுத்தினாள். கூடம் கப்சிப் என்றாகிவிட்டது. புயல் மட்டும் இன்னும் திருகிக்கொண்டிருந்தான்.

"கேக்குதா சார்?" என்றாள். "இதான் தம்பியோட பங்கு. சனிக்கிழமைக்கு வச்சுக்குங்க."