நகலில்தானே நீக்கினாள்

1

இந்தக் கதை என் அண்ணியுடையது. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதிக்கோ. ஆனா நான்தான்னு தெரியக் கூடாது" என்றாள். எனவே வேலையிடத்தை மாற்றி, உறவை மாற்றி, ஒரு 'அவளை'ச் செய்திருக்கிறேன். இனி அவள் பாடு.

2

திங்கட்கிழமை காலை சித்தப்பா சட்டையை இஸ்திரி போட்டு

(வேண்டாம். அவர் கிளம்புவதிலிருந்து ஆரம்பித்தால் எனக்கே அழுகை வந்துவிடும். தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.)

2

பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநர்களுக்கு முறை போடும் பைத்தான் கணினி நிரல் அவள் எழுதியது. வாரத்துக்கு ஒரு பட்டியல்; அதற்குள் நாளுக்கொரு பட்டியல். மேலாளர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஒரு ஆளைக் குறைச்சா சமாளிக்க முடியுமா? யாரையாவது எடுத்துட்டுப் பாரு. வெளியே மூச்சு விடாதே."

அவள் அசலைத் தொடவில்லை. சமக்குறி மட்டும் போட்டால் நகல் வராது, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர்தான் வரும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களைக் காய்ச்சி எடுப்பவள் அவள். ஒழுங்காகவே எழுதினாள்:

சோதனை = அசல்.copy()

பிறகு நகலின் ஒவ்வொரு நாளிலிருந்தும், அங்கேயே பேருந்து ஓட்டும் தன் சித்தப்பாவின் பெயரை நீக்கினாள்.*

* சொந்தக்காரரைக் காப்பாற்றினாள் என்று மேலாளர் நினைத்துவிடக் கூடாதாம். அவளுக்கு அந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவரே சித்தப்பாதான். இந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடிக்காமல் போகிறது.

3

copy() வெளிப்பட்டியலை மட்டும்தான் புதிதாகச் செய்யும். உள்ளே இருக்கும் திங்களும் செவ்வாயும் இரண்டுக்கும் பொது. இங்கே நீக்கினால் அங்கேயும் போய்விடும். உள்ளே வரை தனியாக வேண்டுமென்றால் deepcopy என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

காலையில் பணிமனைத் திரையில் வந்தது அந்த அசல்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு சித்தப்பா மேலிருந்து கீழாகத் தன் பெயரைத் தேடினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார். கூட நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள்.

அவள் ஓடி வந்தாள். "மெஷின் தப்பு பண்ணிடுச்சு சித்தப்பா!"

பெயர் திரும்ப வந்ததும் அவர் பணிமனை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். "பாத்தீங்களா? எங்க வீட்டுப் பொண்ணு, நொடியில சரி பண்ணிட்டா!"

அவள் கூனிக் குறுகிப் போனாள்.

4

வரைவைப் படித்த அண்ணி, "வெளியேதான் மாத்தியிருக்கே. உள்ளே நான் அப்படியேதான் இருக்கேன்" என்றாள்.

முடிவில் அவள் உண்மையைச் சொல்வதாகவும் சித்தப்பா சிரித்து மன்னிப்பதாகவும் எழுதியிருந்தேன். அண்ணி அதை அடிக்கச் சொன்னாள்.

"நான் இன்னும் சொல்லலையே. கதையில இவ சொல்லிட்டா எனக்கும் நிம்மதி வந்துடும். அப்புறம் நான் சொல்லவே மாட்டேன்."

அடித்துவிட்டேன். மிச்சமிருப்பது இதுதான்: மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் இரண்டு தேநீரோடு சித்தப்பா அவள் மேசைக்கு வருகிறார்.

"ஏம்மா, இத்தனை பேர் இருக்கோமே. அந்த மெஷினுக்கு என் பேர் மட்டும் எப்படிக் கிடைச்சுது?"

அவருக்குச் சந்தேகமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அவள் தேநீரை வாங்கிக்கொள்கிறாள்.

பதிலை நான் எழுதப் போவதில்லை. கேட்டவர் உங்கள் சித்தப்பா என்று வைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.