மூன்றாம் வரிசையில் சிரிக்காதவள்

தேர்த்திருவிழாவுக்குப் போவதுபோலத்தான் ஞானம்பிகை நாடகத்துக்கு உடுத்தியிருந்தாள். மயில்கழுத்து நிறச் சேலை, அதற்குமேல் ஜனவரி மழைக்கு ஒரு தடித்த கோட். எட்டு வயது மகள் ஜெனனியையும் இழுத்துக்கொண்டு தாங்கள் குடியிருக்கும் ஒரேத்தோப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சேலைக்கரை முழுக்க நனைந்துவிட்டது. பரவாயில்லை. டிக்கெட் தந்தது அவள் பதினொரு வருடமாக வேலை செய்யும் இத்தாலிய வீட்டு எசமானி, சின்யோரா. நடிப்பது சின்யோராவின் மகன் ருஜ்ஜேரோ. அவனுடைய பதின்மூன்று வயதிலிருந்து அவனுக்குச் சமைத்துப் போட்டவள் இவள். "நானும் அவனுக்கு ஒரு தாய்தானே," என்று பஸ்ஸில் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

சிரிக்க மறந்துபோன இளவரசியின் கதை. அவள் சிரித்தால்தான் சூனியக்காரியின் மந்திரம் கலையும். அரசன் வழுக்கி விழுந்தான், மந்திரியின் காற்சட்டை கழன்றது. இளவரசி அசையவே இல்லை. "சிரி, சிரி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கத்தியது ஜெனனி.

பிறகு அரண்மனை வேலைக்காரி வந்தாள். பெண் வேடத்தில் ருஜ்ஜேரோ. முகம் நிறைய மண்ணிறப் பூச்சு, நெற்றியில் பிஸ்கட் அளவு பொட்டு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். ஞானம்பிகைகூட முதலில் சிரித்தாள். அந்த வேலைக்காரி தான்தான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அவன் மேடையில் நின்ற அடுப்பைத் தாண்டிப் போய், இளவரசியின் கட்டிலுக்குக் கீழே குனிந்து மூத்திரச் சட்டியை எடுத்தான். வலக்கை விரல்களால் அதைத் தொட்டான். இரண்டு கண்களிலும் பக்தியோடு ஒற்றிக்கொண்டான். இளவரசியின் உதடு துடித்தது. கொட்டகை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

காலையில் சின்யோராவின் குசினிக்குள் போனதும் ஞானம்பிகை செய்யும் முதல் வேலை அடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது. யார் வீட்டு அடுப்பாக இருந்தாலென்ன, அவளுக்கும் சோறு போடுவது அதுதானே. அரை நொடிக் காரியம். ஒருவரும் கவனிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். கவனித்திருக்கிறான், படுபாவி. அவள் பொரித்துக் கொடுத்த கத்தரிக்காயைத் தின்றுகொண்டே கவனித்திருக்கிறான்.

பக்கத்தில் ஜெனனியும் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது. பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. இனி அம்மா அடுப்பைத் தொடும்போதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு அந்தச் சட்டிதானா ஞாபகம் வரும்? அந்த நினைப்பைத்தான் ஞானம்பிகையால் பொறுக்க முடியவில்லை.

"எல்லாரும் என்னோடு சேர்ந்து செய்யுங்கள்! அப்போதுதான் மந்திரம் கலையும்!" என்றான் ருஜ்ஜேரோ.

அறுநூறு பேர் கதிரைக் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். முன்வரிசையில் சின்யோராவும் ஒற்றினாள், கண்ணீர் வரச் சிரித்தபடி. ஜெனனியின் கை பாதியில் நின்றது.

"மூன்றாம் வரிசையில் ஒரு ஆள் செய்யவில்லை!" என்று ருஜ்ஜேரோ கூவினான். விளக்கு வெளிச்சம் தேடி வந்து மயில்கழுத்துச் சேலையில் விழுந்தது. திறந்த வாயோடு அவன் நின்றுவிட்டான்.

ஞானம்பிகை எழுந்தாள். கடையிலும், விசாவுக்குப் போகும் கொஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்திலும் இத்தாலிய மொழி எப்போதும் அவள் காலை வாரிவிடும். அன்றைக்கு வாரவில்லை.

"சட்டியைக் கீழை வை, ருஜ்ஜேரோ. நான் தொடுறது அடுப்பை. உனக்குப் பதினொரு வருசம் சாப்பாடு போட்ட அடுப்பை. அந்தா, உனக்குப் பின்னாலை ஒண்டு நிக்குது. அதைத் தொட்டுக் காட்டு பாப்பம்."

இதுவும் நாடகம்தான் என்று நாலைந்து பேர் கைதட்டினார்கள். அவன் சட்டியை வைத்தான். அட்டையில் செய்த அடுப்பின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாவாடையில் துடைத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. இளவரசியும்தான்.

"எழும்பு பிள்ளை, போவம்."

"அவன் அதை அன்பில் செய்தான், ஞானா!" என்றாள் சின்யோரா பின்னாலிருந்து. அன்பாம்! அன்பிருந்தால் பக்கத்தில் நின்ற அடுப்பை விட்டுவிட்டுச் சட்டியை ஏன் தேடி எடுத்தான்?

வெளியே மழை விட்டிருக்கவில்லை. பஸ் தரிப்பிடம்வரை நடந்தார்கள்.

"அம்மா, நானும் சிரிச்சனான்."

"கண்டனான்."

ஜெனனி அம்மாவின் கோட்டைப் பிடித்தாள்.

"திங்கக்கிழமை அங்கை போய் அடுப்பைத் தொடுவீங்களோ?"

"ஓம், தொடுவன். அடுப்பு என்ன பிழை செய்தது?"