தோள்தகட்டின் இரண்டு திருகாணிகள்

கிளைட் துப்பாக்கியை அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தை அனுப்பவில்லை.

மே மாதத்தில் ஒரு காலை, லாரிக்காரன் நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் தம்பியின் கையெழுத்தை எல்டன் கிரெய்டர் பார்த்தான். பெட்டியைச் சமையலறை மேஜைமேல் வைத்து, காப்பி ஆறிப்போகும்வரை சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு பிரித்தான். உள்ளே சுற்றியிருந்த செய்தித்தாளை ஒவ்வொரு பக்கமாக விரித்துப் பார்த்தான். பெட்டியின் அடி அட்டையைக்கூடக் கிழித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

எழுபத்தொரு வயதுக்காரன் அட்டையைக் கிழித்துத் தேடியது ஒரே ஒரு வரியை. 'அந்தக் குண்டு என்னுடையது' என்று கிளைட் எழுதியிருந்தால் போதும். போனில் சொன்னாலும் சரி, யாரிடமாவது சொல்லி அனுப்பினாலும் சரி, அன்றைக்கே நாற்பது மைல் வண்டியோட்டிப் போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டிவிடுவான். இதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சங்கதி இதுதான். ஈரி ஏரிக் கரையில் போட்டி. நூறு கெஜம், குப்புறப் படுத்துச் சுடுவது, ஆளுக்குப் பத்துக் குண்டு. அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தார்கள். ஏரியிலிருந்து காற்று மாறி மாறி அடித்தது. முடிந்ததும் இலக்குத் தாள்களைக் கொண்டுவந்து பார்த்தால் எல்டனின் தாளில் பதினொரு ஓட்டை, கிளைடின் தாளில் ஒன்பது. பக்கத்துத் தாளில் தவறிச் சுடுவது எத்தனை கெட்டிக்காரனுக்கும் நடக்கிற விஷயம். கையைத் தூக்கி ஒப்புக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். கிளைட் கையைத் தூக்கவில்லை. தன்னுடைய இரண்டு குண்டு ஒரே ஓட்டையில் போயிருக்கிறது என்று நடுவர் முன்னால் சாதித்தான். அதுவும் நடக்கக்கூடியதுதான் என்பதால் நடுவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விதிப்படி பதினொன்றில் புள்ளி குறைந்த பத்தை எண்ணினார்கள். எல்டனுக்கு ஒரு புள்ளி போனது. அந்த ஒரு புள்ளியில் தேசிய அணியில் இருந்த இடம் போனது. அந்த இடம் யாருக்குப் போனது என்றால், வரிசையில் அடுத்து நின்ற கிளைடுக்கு.

அன்றைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. எல்டன் போட்டியில் சுடுவதையே விட்டுவிட்டு, பழைய இலக்குத் துப்பாக்கிகளைச் சேர்க்க ஆரம்பித்தான். சின்ன இருபத்திரண்டு ரகத் தோட்டா போடுகிற, காகிதத்தைத் தவிர எதையும் சுடாத துப்பாக்கிகள். ஓஹியோவில் அவனைப்போல் அவற்றைத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

இப்போது மேஜைமேல் கிடந்தது 1937ஆம் வருஷத்து வின்செஸ்டர் 52 ரக இலக்குத் துப்பாக்கி, கனத்த குழல். ஊர் டாக்டர் ஒருவர் வாங்கி, பத்துப் பதினைந்து நாள் சுட்டுவிட்டுப் பெட்டியில் போட்டு வைத்தது. சின்ன வயதிலிருந்தே அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அதன்மேல் கண். டாக்டர் போனபிறகு அவர் மனைவி அதைக் கிளைடுக்குக் கொடுத்தாள். அதற்கப்புறம் எல்டன் ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டும் கிளைட் மசியவில்லை. அதைத்தான் இப்போது சும்மா தூக்கி அனுப்பியிருந்தான்.

எல்டன் கண்ணாடிவில்லையை எடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். குழலின் நீல மெருகு அப்படியே இருந்தது. வால்நட் கட்டையில் ஒரு கீறல் கிடையாது. கடைசியாகக் கட்டையின் பின்பக்கம் வந்தான். தோளில் பதியும் இரும்புத் தகட்டை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். அங்கே வந்ததும் ஒரு பழைய ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூட நாளில் துப்பாக்கிச் சங்கத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. எல்டன் திங்கட்கிழமை சுடுவான், கிளைட் வியாழக்கிழமை. அப்பா சிகரெட் சுருட்டுகிற மெல்லிய தாளில் ஒன்றை உருவி, காற்று எப்படி, குறியை எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்று பென்சிலில் எழுதி, அந்தத் துப்பாக்கியின் தோள்தகட்டுக்கு அடியில் வைத்து மூடுவார்கள். அடுத்தவன் திறந்து படித்துவிட்டுப் பதிலை அதே இடத்தில் வைப்பான். குறி பார்த்து எழுதியது கொஞ்சம், கேலியும் திட்டும் எழுதியது நிறைய.

திருப்புளியைக் கையில் எடுத்தான். எடுத்தவன் கண்ணாடிவில்லை வழியாகத் திருகாணித் தலையில் திருப்புளி நுழைகிற வெட்டைப் பார்த்தான். வெட்டின் ஓரம் கத்தி முனைபோல் கூர்மையாக இருந்தது. ஒரு மினுக்கம் இல்லை, ஒரு நெளிவு இல்லை. தொழிற்சாலையில் முடுக்கியதோடு சரி, அறுபது வருஷமாக எந்தத் திருப்புளியும் அதைத் தொட்டதில்லை. திறக்காத இடத்தில் தாள் எப்படி இருக்கும்? எல்டன் திருப்புளியைத் திரும்ப இழுப்பறையில் போட்டு மூடினான்.

இந்தச் சேகரிப்புக்காரர்களின் கிறுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. ஒரு முறை திருப்பின திருகாணி அவர்கள் கண்ணுக்குக் கெட்டுப்போன திருகாணி. அதைத் திரும்பக் கன்னி ஆக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

ஸ்டான் என்று ஒரு சிநேகிதன், வாயைத் திறந்தால் குத்தலாகத்தான் பேசுவான். துப்பாக்கியைப் பார்க்க வந்தவன், தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம், நுரையீரலாம், மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்களாம் என்று சொன்னான். எல்டன் துடைத்த குழலையே திரும்பத் துடைத்தான்.

"போய்ப் பாத்துட்டு வாயேன்யா," என்றான் ஸ்டான்.

"துப்பாக்கி அனுப்பத் தெரிஞ்சவனுக்கு ஒரு கார்டு எழுதத் தெரியாதா? ஒரு வரி. நான் என்ன புஸ்தகமா எழுதச் சொல்றேன்?"

"ஒரு வேளை இதான் அந்த ஒரு வரியோ என்னவோ."

"இது லஞ்சம். வாயைத் திறக்காம கணக்கை முடிச்சுக்கலாம்னு பாக்கறான்."

ஸ்டான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "நீ செத்தா உன் கல்லறைல பதினோரு ஓட்டை போடச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் இரண்டு வாரம் எல்டன் அவனோடும் பேசவில்லை.

ஆனால் தம்பியை நினைக்காமலும் இருக்கவில்லை. போன் மணி அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தான். தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தான். காத்திருந்தான் என்பதுதான் உண்மை. எழுந்து போகவில்லை என்பதும் உண்மை.

செப்டம்பரில் கொலம்பஸ் நகரத்தில் பழைய துப்பாக்கிகளின் கண்காட்சி. எல்டன் அந்தத் துப்பாக்கியைப் பச்சைத் துணிமேல் கிடத்தினான். நடுவர்கள் மூன்று பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். தோள்தகட்டின் மேல் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்கள். தலைமை நடுவர் நிமிர்ந்து, இப்படித் தொடப்படாத திருகாணியைத் தன் ஆயுளில் மூன்று தடவைதான் பார்த்திருப்பதாகச் சொன்னார். முதல் பரிசின் நீல நாடா எல்டனுக்குக் கிடைத்தது. சேகரிப்புக்காரர்களின் சங்கப் பத்திரிகையில் படம் வந்தது. படத்துக்குக் கீழே, 'ஒருபோதும் திறக்கப்படாதது' என்று போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து உறையில் போட்டுக் கிளைடுக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நீ செய்ததை நானும் செய்தேன், பார் என்ற வீம்பு. அதோடு, இதைப் பார்த்தாவது பேசமாட்டானா என்ற நப்பாசையும் இருந்தது. அவனே பின்னால் அதை ஒப்புக்கொண்டான்.

எட்டாம் நாள் போன் வந்தது. கிளைடின் மனைவி ஆர்லீன் பேசினாள். விடியற்காலை போய்விட்டான் என்று சொல்லி, அடக்கம் எத்தனை மணிக்கு என்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. மசித்த உருளைக்கிழங்கின்மேல் கோழிக் குழம்பும் நூடுல்ஸும் ஊற்றிக் கொடுத்தார்கள். எல்டன் தட்டை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். ஆர்லீன் காகிதக் கோப்பையில் காப்பியோடு வந்து எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவளுக்கு அதற்குத் தெம்பு இல்லை.

"கோடை பூரா கதவையே பாத்துட்டிருந்தார். எல்டன் வருவான், வருவான்னு. நான் போன் பண்ணவான்னு கேட்டா வேணாம், அவனுக்கு எங்க பாக்கணும்னு தெரியும்னார்."

"எங்க?"

"நானும் அதையேதான் கேட்டேன். அண்ணன் தம்பி சமாச்சாரம்னு சிரிச்சார்."

எல்டன் கையிலிருந்த தட்டு சரிந்து, குழம்பு சட்டைக் கையில் வழிந்தது. ஆர்லீன் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். தொண்டையில் குழாய் போட்டபிறகு பேச்சு நின்றுவிட்டது, பென்சில் கொடுத்தால் வெறும் கிறுக்கலாகத்தான் வந்தது. அப்புறம்தான் எல்டனுடைய உறை வந்தது. படத்தைக் கிளைட் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். கீழே இருந்ததைப் படித்தான். படித்ததிலிருந்து ஒரே தவிப்பு.

"விரலை இப்படி இப்படித் திருப்பிக் காட்டினார்," என்று ஆர்லீன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் இடப்பக்கமாகத் திருகிக் காட்டினாள். "மூணு நாளா. தூங்கற நேரம் தவிர. எங்களுக்கு என்ன தெரியும்? மூச்சு போதலைன்னு நெனச்சோம். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் வந்து ஆக்ஸிஜன் குமிழைத் திருப்பிட்டுப் போவா. அவர் தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்குவார். திரும்பவும் காட்டுவார்."

அவள் விரல் திரும்பிய திசையை எல்டன் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கூடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். அந்தச் சைகைக்கு அர்த்தம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் துப்பாக்கியை மேஜைமேல் கிடத்தினான். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழுந்தது. சரியான திருப்புளியை எடுத்துத் திருகாணியில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். அழுத்த வேண்டியிருக்கவில்லை. அறுபது வருஷம் துருவேறிக் கிடந்திருக்க வேண்டிய திருகாணி இரண்டு விரலில் சுழன்று வந்தது. அடியில் புது எண்ணெய் பளபளத்தது.

தகட்டை எடுப்பதற்கு முன்பே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு திருகாணிக்கும் தனித்தனியாகத் திருப்புளி முனையை அரத்தால் ராவி, வெட்டுக்குள் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்காரவைத்துத் திருப்புகிறவன் கிளைட். கிளைட் திறந்ததைக் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் பெருமையடித்தவன் இதே எல்டன்தான். ஊரிலுள்ள துப்பாக்கிகளெல்லாம் அவனுக்குத் தெரியும். தம்பியின் கை மறந்துபோயிற்று.

தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் சிகரெட் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சில் எழுத்து. பள்ளிக்கூடத்தில் எழுதிய மாதிரியே.

'நூறு கெஜம். காற்று இடது பக்கம். அந்தக் குண்டு என்னுடையது. விசையை அழுத்தினபோதே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேரப்போகிறேன், அறை 214, பார்க்கிற நேரம் இரண்டிலிருந்து ஆறு மணிவரை. பதிலை இங்கே வைக்காதே, கழுதை. நேரில் வா.'

எல்டன் அழுதான். மனைவி செத்தபோது வராத அழுகை அது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் பெயரை உரக்கச் சொல்லி அழுதான். பத்தொன்பது வருஷமாகக் கேட்ட வரி நாலைந்து மாதமாகக் கைக்கெட்டும் தூரத்தில், அவன் தினமும் துடைத்துவைத்த இரும்புக்கு அடியில் இருந்திருக்கிறது.

அப்புறம் ஒரு பென்சிலைத் தேடி எடுத்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், 'வந்திருப்பேன்' என்று எழுதினான். பதிலை வைக்க வேறு இடம் இல்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துத் தகட்டை மூடினான்.

திருகாணிகளை முடுக்கச் சரியான திருப்புளி கையிலேயே இருந்தது. அதை வைத்துவிட்டு, சமையலறை இழுப்பறையிலிருந்து பெயின்ட் டப்பா திறக்கிற மொண்ணைத் திருப்புளியை எடுத்துவந்தான். அதை வெட்டில் திணித்து, உடம்பு கனத்தையெல்லாம் கொடுத்துத் திருப்பினான். முனை வழுக்கி வெட்டின் ஓரத்தைப் பிய்த்தது, தகட்டின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு இழுத்தது. இரண்டாவது திருகாணிக்கும் அப்படியே செய்தான். இனிமேல் யார் கையில் போனாலும், அதைத் திறந்திருக்கிறார்கள் என்று தெரியும்.