கட்டைவிரலுடன் வந்தவர்

எங்கள் ஊர் மருத்துவமனையில் விரல் நுனியில் அடிபட்டால் விரலைத்தான் நோயாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். மற்ற உடம்பு, உடன் வந்தவர்.

கடை ஷட்டரை இறக்கும்போது என் இடது கட்டைவிரல் நசுங்கியது. அதற்குக் கதவோரம் ஒரு கட்டில் கொடுத்தார்கள். நான் கீழே பாய் விரித்து, கையை மட்டும் மேலே நீட்டிப் படுத்துக்கொண்டேன். வசதியான ஏற்பாடுதான், விரலுக்கு.

சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து விரலை நலம் விசாரித்தார்கள். மச்சினன் குருநாதன் மட்டும் என் பக்கம் குனிந்தான்.

"நாப்பது வருஷமா உங்க பொறுப்புலதானே இருந்துச்சு அத்தான். பாத்துக்கிட வேண்டாமா?"

நான் ஒரு கையால் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வரும்போது உடன் வந்தவர்கள் வெளியேற வேண்டும். வராந்தாவில் நின்று கதவிடுக்கு வழியாகக் கையை உள்ளே கொடுத்தேன். நகத்தில் துளையிட்டு, கட்டியிருந்த ரத்தத்தை வடித்தார்கள். கத்தினேன்.

"பேஷண்டே அமைதியா இருக்காரு. கூட வந்தவருக்கு என்ன?" என்றார் நர்ஸ்.

பிறகு நகத்தைக் கழற்றி, அடியில் கிழிந்திருந்த சதையைத் தைத்தார்கள். இரண்டு நாளாகியும் வீக்கம் வடியவில்லை. டாக்டர் என் மனைவி செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"எடுத்துடுறதுதான் நல்லதும்மா."

"விரலையா?"

"பேஷண்டை எப்படிம்மா எடுப்போம்? கூட ஒட்டிக்கிட்டு இருக்காரே, அவரைத்தான்."

வராந்தாவில் எனக்கு நன்றாகவே கேட்டது.

"திரும்ப வளருவாரா?"

"நகம் வளர ஆறு மாசம். ஆள் வளரக் கொஞ்சம் கூட ஆகும். லேசா மேடுபள்ளம் தெரியலாம்."

"குறட்டை?"

"அதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கதவிடுக்கில் கேட்டேன். உடன் வந்தவர்களிடம் கேட்கும் வழக்கம் இல்லை என்று நர்ஸ் தன்மையாகவே சொன்னார். செண்பகவல்லி புடவை எடுக்கப் போனால் அரை நாள் யோசிப்பவள். இதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை என்னை எடுத்தார்கள். விரல் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். செண்பகவல்லி அதை ஒரு துண்டில் சுற்றி, வெயில் படாமல் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

என்னை மருத்துவமனைப் பின்கட்டில் விட்டார்கள். அங்கே பெஞ்சில், என்னைப் போலவே எடுக்கப்பட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்த விரல்?" என்றார்.

"கட்டைவிரல்."

அவர் சுண்டுவிரல்காரர். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.