ஷட்டருக்கு கிரீஸ் வைத்தவன்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் வேம்புலி இழுத்துவிட்ட ஒரு ஷட்டர்.

மேனாம்பேட்டில், மூடிப்போன லேத் பட்டறை ஒன்றில் ஏழு பெண்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். தங்கள் உடம்புக்கு நேர்ந்த கொடுமையைத் தாங்களே நடித்துக் கடக்கப் பார்க்கிற நாடகம். நடத்துகிறவள் கனிமொழி. விளக்கு, ஸ்பீக்கர், டீ மூன்றும் வேம்புலியின் பொறுப்பு. தெருவில் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்களே என்று, நல்ல மனசோடுதான், ஷட்டரைச் சடசடவென்று இறக்கினான். நடுவில் ஆடிக்கொண்டிருந்த சுரேகா அப்படியே உட்கார்ந்து, மூச்சு முட்ட, தரையைத் தட்டினாள். யார் தட்டினாலும் எல்லாம் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. எல்லாம் நின்றது. வேம்புலி மட்டும் டீ கேனோடு "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று சுற்றி வந்தான்.

(வேம்புலி நான்தான். 'நான்' என்று எழுதப் பயமாக இருந்தது. ஆளை மாற்றிக்கொண்டேன்.)

2

தொடக்கத்தை இப்படியும் எழுதிப் பார்த்தான்: "அம்பத்தூர் எஸ்டேட்டின் தகரக் கூரைகள்மேல் மாலைச் சூரியன்—"

அடித்துவிட்டான். விஷயத்துக்கு வரப் பயந்தவன்தான் சூரியனைக் கூப்பிடுவான்.

"எட்டு வருடத்துக்கு முன், தையல் கம்பெனி குடோனில், சூப்பர்வைசர் ஷட்டரை இறக்கியபோது சுரேகா—"

இதையும் அடித்தான். அதற்குமேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டத்திலும் பேச்சு கிடையாது. தையல் மெஷினை மிதிக்கிற கால் மட்டும், நிறுத்தத் தெரியாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் சொல்லாததை ஊகித்து எழுத இவன் யார்? டீ வாங்கி வருகிறவன்.

3

செய்த தப்புக்குப் பரிகாரமாக, ஆளில்லாத நேரம் பார்த்து ஷட்டருக்கு இரண்டு பக்கமும் கிரீஸ் அப்பினான். சத்தமே இல்லாமல் இறங்கியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை சுரேகா அதை இழுத்துப் பார்த்தாள்.

"யாரு கிரீஸ் வெச்சது?"

"நான்தாம்மா. இனிமே சத்தமே வராது."

"உன்ன யாரு அண்ணாத்தே கேட்டா? ஞாயித்துக்கெழம நாடகத்துல எனக்கு அந்தச் சத்தம் வேணும். ஜனம் வெளிய குந்தட்டும். நான் ஆடிக்கினு இருக்கசொல்ல நீ வெளியேர்ந்து எறக்கு. அப்பால நானே தூக்கிகினு வரேன்."

"கனிமொழி ஒத்துக்கிச்சா?"

"மூணு தபா கேட்டுச்சு. மூணு தபாவும் அதையேதான் சொன்னேன்."

உள்ளே தரையைத் தட்டினால் வெளியே கேட்குமா? சனிக்கிழமை இவன் உள்ளே போய், ஷட்டரை மூடிக்கொண்டு, உள்ளங்கை சிவக்கத் தட்டினான். வெளியே நின்ற கனிமொழி சொன்னாள்: "தண்ணி லாரி போச்சு. வேற ஒண்ணும் கேக்கல."

4

முடிவு ஒன்று: ஷட்டர் உயர்கிறது, கைதட்டல். எழுதும்போதே இவனுக்கு அழுகை வந்தது. தன் கண்ணீரை நம்பாதவன்; கிழித்துவிட்டான்.

முடிவு இரண்டு: ஷட்டர் இறங்குகிறது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். உள்ளே—

(பேனா இதைத் தாண்டவில்லை.)

முடிவு மூன்று: வேம்புலி பாய்ந்துபோய்த் தானே ஷட்டரைத் தூக்கி— இதைச் சுரேகா படித்துவிட்டாள். "ஓ, நீதான் ஹீரோவா? தொப்ப மாட்டிக்கப் போவுது, பாத்து."

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் தள்ளிவிட்டு நழுவத்தான் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

5

மாலை நாலு மணி. வாசலில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மண்ணெண்ணெய் போட்டு கிரீஸைத் துடைத்த துணி என் கையில் இருக்கிறது. ஷட்டரை இறக்கப் போவதும் என் கைதான். இனியும் அதை வேம்புலியின் கை என்று எழுதினால் பொய்.

இரண்டு நாளாக அவளிடம் ஒரே கேள்வி. "டீ ஆறுது பாரு" என்பாள். "பாத்துக்கலாம் போ" என்பாள். உள்ளே போகத் திரும்பியவளை மறுபடி நிறுத்தினேன்.

"தூக்கிடுவியா, சுரேகா?"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"தெரியாது அண்ணாத்தே. கை எழும்புமான்னு எனக்கே தெரியாது. முடியலேன்னா ஷட்டர்லயே தட்டறேன், அது கேக்கும். தட்டற வரைக்கும், எவ்ளோ நேரமானாலும், நீ கை வெக்காத."