அடுப்புக் கதவில் 1884

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்து மூலையில் நிற்கும் இரும்பு விறகடுப்பின் கதவைச் சுரண்டியதில் 1884 என்ற எண் தெரிந்தது.

"பாத்தியா, எங்க பாட்டன் வாங்கினது" என்று மாமனார் மீசையை நீவினார். நான் கல்யாணமாகி வந்த நாளாக இதே பாட்டு. செய்தது யார் என்று கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் அடுப்பருகே போய் நின்றேன். பொறுக்க முடியாமல் இரும்பு வார்க்கும் பட்டறைக்காரரை வரவழைத்தேன். அவர் டார்ச் அடித்து, மேல்தட்டின் அடியைத் துடைத்தார்.

"இங்க 2650னு இருக்கும்மா. அப்ப இதை இன்னும் செய்யவே இல்லையா? இதெல்லாம் அச்சு நம்பர், வருஷம் இல்ல. கதவு ஒரு அடுப்போடது, தட்டு வேற அடுப்போடது. ஒண்ணா சேத்து இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்."

"சேத்தது யாரு?"

"அது தெரியாது. ஆனா முடுக்கினது பூரா சைக்கிள் நட்டு."

நாற்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்த மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். இந்த முறை இருமல் வரவில்லை.

"நல்லா எரியுதா இல்லையா?" என்றார்.