மேட்டுச் சாலையில் மாற்றிய ஃபில்டர்

என் அக்கா வாடகைக் கார் ஓட்டுகிறாள். கேஸில் ஓடும் பழைய வண்டி. அன்று என் மாமியாரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். பல வருஷமாகப் பார்க்காத தம்பி வருகிறார் என்று மாமியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மேட்டுச் சாலையில் வண்டி திணறியது. அழுத்தி மிதித்தாலும் இழுக்கவில்லை. அக்கா வெட்டவெளியாகப் பார்த்து ஓரங்கட்டினாள்.

"கேஸ் ஃபில்டர் அடைச்சிருக்கு. நேத்து புது பங்க்ல கேஸ் போட்டேன், அழுக்கும் சேர்ந்து வந்துருச்சு போல."

"டீ வடிகட்டி மாதிரியா?" என்றேன்.

"அதேதான். டீயில தூசி இருந்தா நாம துப்பிடுவோம். எஞ்சினுக்குத் துப்பத் தெரியாதே!"

டிக்கியைத் திறந்து டாங்க் வால்வை மூடினாள். குழாயில் மிச்சமிருந்த கேஸ் தீர்ந்து எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டாள். பிறகு, சூடு ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, அவன் அங்க வந்து இறங்கியிருப்பான். நீ இங்க வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கே!"

"சூட்டுல கேஸோட விளையாடக் கூடாது அத்தை."

ஆறியதும் பானெட்டைத் திறந்து, கையுறை மாட்டி, ஃபில்டர் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஃபில்டர் கருப்புப் பிசினாக அப்பிக் கிடந்தது. கிண்ணத்தைத் துடைத்து, வண்டியில் எப்போதும் வைத்திருக்கும் புது ஃபில்டரும் புது ரப்பர் வளையமும் வைத்து முடுக்கினாள். வால்வை மெல்லத் திறந்தாள். மாமியார் கார் கதவில் கை வைத்துவிட்டார்.

"இருங்க அத்தை, கேஸ் கசியுதான்னு பாக்கணும்." அக்கா சோப்புத் தண்ணீர் கலக்கி, மூடியைச் சுற்றித் தடவினாள்.

"அதுக்குக் குளிப்பு வேறயா? போதும், கிளம்பு!"

அப்போது மூடியின் விளிம்பில் ஒரு குமிழ் மெல்ல உப்பி வெடித்தது. அடுத்து இன்னொன்று. மாமியார் கதவிலிருந்து கையை எடுத்தார்.

அக்கா பதறவில்லை. வால்வை மூடினாள். எங்களைத் தூரப் போகச் சொல்லி, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, உஸ்ஸென்று வெளியேறிய கேஸ் காற்றில் கலையும்வரை காத்திருந்தாள். வளையம் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருந்தது.

"வளையம் நல்லாத்தான் இருக்கு. என் கைதான் அவசரப்பட்டுருச்சு," என்றாள்.

"உன்னை அவசரப்படுத்தினது நான்," என்றார் மாமியார்.

அக்கா வேறொரு வளையத்தைப் பதமாக உட்கார வைத்தாள். இந்தத் தடவை சோப்புத் தண்ணீர்க் கோப்பையை மாமியாரே பிடித்துக்கொண்டார். கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்தார். "ஒண்ணுமே வரலம்மா. இருந்தாலும் இன்னொரு தரம் தடவிடு."

வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மேட்டைக் கடந்தது. அக்கா வழிநெடுக எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே ஓட்டினாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பூரிப்பாக இருந்தது.

நிலையத்தில் தம்பி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். "இவ்வளவு வருஷம் கழிச்சு வர்றேன். என்னை இப்படித்தான் காக்க வைப்பியா?"

மாமியார் அவர் கன்னத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "லேட்டாத்தான் வந்தோம்டா. ஆனா முழுசா வந்தோம்." பின்னால் நின்ற அக்காவை முன்னே இழுத்தார். "இவளாலதான் வந்து சேர்ந்தோம். முதல்ல இவளுக்கு ஒரு வணக்கம் சொல்லு, அப்புறம் என்னோட சண்டை போடு."